ஜெபக் குறிப்பில் எங்கள் வீடு

அக்டோபர் 4, புதன்

இன்று மாலை பெண்கள் சங்கக் கூட்டத்தில் ரத்னபாய் மைனி என் மானத்தைக் கப்பலேற்றிவிட்டார். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கூப்பிக்கொண்டு.

கட்டின புருஷனின் அக்கா, அடுத்த தெருவில் வீடு, சங்கத்துக்குச் செயலாளர் வேறு. நான் என்ன பேச முடியும்? பாட்டு முடிந்தது, வசனம் முடிந்தது, ஜெபக் குறிப்பு உள்ளவர்கள் சொல்லலாம் என்றார்கள். ஒருவர் மகனுக்கு விசா என்றார். இன்னொருவருக்கு மூட்டுவலி. பிறகு மைனி எழுந்தார்.

"எங்கூடப் பொறந்த தம்பி ஆசீர் மூணு வாரமா வீட்டுக்கு வரல. பியூலா பாவம், வேலை வேலைன்னு சொல்லிச் சமாளிக்கா. மக கல்யாணத்தை வச்சுக்கிட்டு இந்தப் பிரிவினையை உண்டாக்குன பிசாசைக் கர்த்தர் துரத்தணும். எல்லாரும் பாரத்தோட ஜெபிச்சுக்கோங்க."

அறுபது பேரும் பாரத்தோடு ஜெபித்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த கருணாபாய் டீச்சர் என் கையைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினார். கூட்டம் முடிந்து செருப்பு மாட்டுவதற்குள் நான்கு பேர் வந்து அமுக்கிவிட்டார்கள்.

அத்தான் தூத்துக்குடி உப்பளத்தில் சூப்பர்வைசர். தினமும் பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போய் வந்தவர், இப்போது வேலை அதிகம் என்பதால் அங்கேயே குவார்ட்டர்ஸில் தங்கியிருக்கிறார். இவ்வளவுதான் விஷயம். இதில் பிசாசு எங்கே வந்தது?

மகள் பிரிசிக்குக் கல்யாணம் நவம்பர் 16. சாயர்புரத்துச் சம்பந்தி வீட்டார் காதில் இது விழுந்தால் என்ன ஆவது? அந்த யோசனையிலேயே ரசத்தில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

அக்டோபர் 5, வியாழன்

வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார். மூட்டுவலிக்குக் கீழே நாங்கள்.

அக்டோபர் 7, சனி

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. காலையில் துணி ஊறவைத்துவிட்டு நேரே மைனி வீட்டுக்குப் போனேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மைனி, வீட்டு விஷயத்தைக் கூட்டத்துல போட்டு உடைச்சிட்டியளே, இது நல்லாவா இருக்கு?"

"ஏளா, ஜெபத்துக்குத்தான சொன்னேன். ஊருக்கா சொன்னேன்?"

"அறுபது பேரு இருந்தாங்க."

"அறுபது பேரும் விசுவாசிங்க."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்லா?" என்றேன்.

மைனி கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டே, "நீ மட்டும் கேட்டியாக்கும்? போன மாசம் நீ..." என்று ஆரம்பித்தார்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்ததால் கிளம்பிவிட்டேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயா ஓலை விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தார். ஓலை என்று மூன்று ஞாயிறு சபை நடுவில் பெண் பெயர், மாப்பிள்ளை பெயர் வாசித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்ட பிறகுதான் எங்களில் கல்யாணம் நடக்கும். முதல் ஓலை இந்த மாதம் 29. இப்போதைய நிலைமையில் ஆட்சேபம் சொல்ல வரிசை நிற்கும்.

விண்ணப்பத்தில் பெண்ணின் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். "ஆசீர் வருவாருல்லா டீச்சர்?" என்று ஐயா மெல்லக் கேட்டார். மெல்லத்தான் கேட்டார். ஆனால் வாசலில் நின்ற அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"வருவாங்க ஐயா" என்றேன்.

அக்டோபர் 11, புதன்

தலைவலி. கூட்டத்துக்குப் போகவில்லை. போகாதவர்களைப் பற்றித்தான் அங்கே அதிகம் ஜெபிப்பார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

பத்தாம் வகுப்புப் பேப்பர் நாற்பது திருத்தினேன். தாவரங்களில் நீர் எப்படி மேலேறுகிறது என்ற கேள்விக்கு ஒரு பெண் "கர்த்தரின் கிருபையால்" என்று எழுதியிருக்கிறாள். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அக்டோபர் 14, சனி

நான் பயந்தது நடந்துவிட்டது. காலை பதினோரு மணிக்குச் சம்பந்தி அம்மாள் போன் செய்தார். பட்டுச்சேலை, பிளவுஸ் அளவு என்று சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் கேட்டார்.

"ஆசீர் அண்ணன் சுகமா இருக்காவளா டீச்சர்? இங்க எங்க சபையிலயும் ஜெபிக்கோம்."

பாளையங்கோட்டையில் தட்டிவிட்டது சாயர்புரம் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. யார் யாருக்கோ அனுப்பி, அங்கேயும் அவர் பெயரைச் சொல்லி முழங்கால் போட்டிருக்கிறார்கள். தபாலில் போட்டிருந்தால்கூட இவ்வளவு வேகமாகப் போயிருக்காது.

"வேலை அதிகம், அவ்வளவுதான்" என்றேன்.

"அதுக்கில்ல டீச்சர். ஓலை வாசிக்கதுக்கு முன்னாடி அண்ணனை ஒருக்கப் பாத்துரணும்னு இவுக சொல்லுதாவ. வார சனிக்கிழமை வாரோம். அண்ணன் இருப்பாவல்லா?"

இருப்பார் என்று சொல்லிவிட்டேன். அவர் இல்லையென்றால் ஓலை இல்லை. ஓலை இல்லையென்றால் கல்யாணம் இல்லை. அச்சடித்த அழைப்பிதழ் முந்நூறும் அலமாரி மேல் அடுக்கியிருக்கிறது.

அத்தானுக்கு ஐந்து முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

மத்தியானம் பிரிசி என் முகத்தைப் பார்த்துச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அப்பா எதுக்குப் போனாங்கன்னு எனக்குத் தெரியும்மா. வேலை வேலைன்னு என்கிட்டயும் எதுக்குச் சொல்லுதீய?"

"உனக்கு என்ன தெரியும்?"

"நான் அன்னைக்குக் கோயில்ல கொயர்லதான நின்னேன். எனக்குக் கேக்காதா?"

மைனியிலிருந்து மகள் வரை எல்லோரும் இதையே எடுக்கிறார்கள். சரி, நடந்ததை எழுதிவிடுகிறேன். நான் ஒன்றும் கொலை செய்யவில்லை.

எங்கள் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுப்பவர்கள், கவர் மேல் பெயரையும் காரணத்தையும் எழுதுவார்கள். பிறந்தநாள், பரீட்சையில் பாஸ், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஐயா பீடத்தில் நின்று ஒவ்வொன்றாக வாசிப்பார். பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றால் "ஒரு சகோதரி" என்று எழுதினால் போதும். செப்டம்பர் 10 அன்று நான் ஒரு கவர் போட்டேன். "என் கணவர் குடிப்பழக்கத்திலிருந்து விடுதலை பெற்று நூறு நாள் ஆனதற்காக, பியூலா ஆசீர்."

ஐயா கணீரென்று வாசித்தார். ஆண்கள் பக்கத்தில் எல்லாத் தலையும் அத்தான் பக்கம் திரும்பியது.

ஆராதனை முடிந்ததும் எனக்கு முன்னால் வேகமாக நடந்து வீட்டுக்கு வந்தார். சாப்பிடவில்லை. பையில் நாலு சட்டையை வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கவரில் எப்போதும் பெயர் எழுதுகிற பழக்கத்தில் கை எழுதிவிட்டது. வேண்டுமென்று செய்ததில்லை. ஆண்டவருக்கு நன்றி சொல்வது எப்படித் தப்பாகும்? பிரிசியிடமும் இதைத்தான் சொன்னேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அக்டோபர் 17, செவ்வாய்

மழை பிடித்துக்கொண்டது. ஸ்டாஃப் ரூமில் ஈரக்குடைகள் நடுவே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். கருணாபாய் டீச்சர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே கேட்டார்.

"மழை விழுந்தா உப்பளத்துல வேலையே கிடையாதும்பாங்க. சாருக்கு மட்டும் அப்படி என்ன வேலை டீச்சர்?"

இத்தனை நாள் சொன்ன பொய் ஒரு மழைக்குத் தாங்கவில்லை. பாத்தி வரப்பு உடையாமல் பார்க்க வேண்டும் என்று எதையோ உளறினேன். எலுமிச்சைச் சாதத்தைப் பாதியிலேயே மூடி வைத்தேன்.

நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். நேரில் போய்விடுவது.

அக்டோபர் 18, புதன்

விண்ணப்பத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு ஏழரை மணி பஸ்ஸைப் பிடித்தேன். உப்பளத்தில் பாத்தி எல்லாம் மழைத்தண்ணீர். உப்புக் குவியல்களுக்கு ஓலை வேய்ந்து வைத்திருந்தார்கள். ஒரு மனிதரைக் காணோம். குவார்ட்டர்ஸ் என்பது ஒரு அறை, ஒரு கட்டில், அறைக்குள்ளேயே கயிறு கட்டிக் காயப்போட்ட நாலு சட்டை.

அத்தான் மெலிந்துபோயிருந்தார். என்னைப் பார்த்ததும், "பிரிசிக்கு ஒண்ணுமில்லயே?" என்றார். இல்லை என்றதும் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போனார்.

அவர் போனதும் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஜன்னலில் இருந்த டம்ளரை எடுத்து முகர்ந்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

டீ குடித்து முடித்தோம். பிறகு நான்தான் ஆரம்பித்தேன்.

"சம்பந்தி வீட்டுல சனிக்கிழமை வாராவ. நீங்க இருக்கணும். இதுல கையெழுத்துப் போடணும்."

எடுத்து வாசித்தார். கையெழுத்தும் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்.

"பதினோரு வருஷம் குடிச்சேன் பியூலா. கதவைச் சாத்திக்கிட்டுக் குடிச்சேன். ஒருத்தனுக்குத் தெரியாது. நிப்பாட்டுனேன், ஊரு பூரா தெரிஞ்சு போச்சு."

"ஆண்டவருக்கு நன்றி சொன்னது தப்பா?"

"ஆண்டவருக்கா சொன்ன?"

விண்ணப்பத்தை மடித்துப் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். "அன்னைக்குக் கோயில் வாசல்ல ஒருத்தன் கை குடுத்தான். வாழ்த்துக்கள் அண்ணாச்சின்னான். குடுத்துட்டு, நான் பாக்கலன்னு நெனச்சுக் கையை மோந்து பாத்தான்."

அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "இப்பவும் குடிக்கீயளா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அதைக் கேக்கத்தான் வந்தியா? சனிக்கிழமை வருவேன். போ, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அக்டோபர் 19, வியாழன்

மாவு அரைக்கவில்லை. பேப்பர் திருத்தவில்லை. ஒரு வேலையும் ஓடவில்லை. அவர் கேட்டதே காதில் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இங்கே எழுதியது பொய். கை பழக்கத்தில் எழுதவில்லை. முதலில் "ஒரு சகோதரி" என்றுதான் எழுதினேன். மடித்துப் பைபிளுக்குள் வைத்தேன். பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொரு கவர் எடுத்து என் பெயரை எழுதினேன்.

பதினோரு வருடம் அவருக்குக் காய்ச்சல் என்றேன், வயிற்றுவலி என்றேன், சித்தப்பா மகன் கல்யாணத்துக்குத் தனியாகப் போய் அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்றேன். வாந்தியைத் துடைத்துவிட்டு எட்டரை மணிக்கு வகுப்பில் நின்று இலையின் அமைப்பை நடத்தினேன். ஒருத்தருக்குத் தெரியாது. நூறு நாள் ஆனபோது, பட்டதெல்லாம் யாருக்கும் தெரியாமலே முடிந்துவிடுமே என்று எனக்கு எரிச்சல் வந்தது. நான் பட்ட பாட்டை ஒருத்தராவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. அதற்குத்தான் பெயர் போட்டேன்.

ஒருத்தரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

அக்டோபர் 21, சனி

காலை ஒன்பது மணிக்கே அத்தான் வந்துவிட்டார். பேன்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது. பிரிசி ஓடிப்போய்த் துண்டு கொடுத்தாள். என்னிடம், "காப்பி இருக்கா?" என்றார். அவ்வளவுதான்.

சம்பந்தி வீட்டார் பதினோரு மணிக்கு வந்தார்கள். கூப்பிடாமலே ரத்னபாய் மைனியும் ஒரு தூக்குவாளி நிறையக் கேசரியோடு வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மழை, பஸ், மண்டபம் என்று கொஞ்ச நேரம் பேச்சு ஓடியது. பிறகு சம்பந்தி தொண்டையைச் செருமினார்.

"மச்சான், தப்பா எடுத்துக்கிடாதீய. ஜெபக் குறிப்புன்னு ஒண்ணு வந்துச்சு. அதுக்கு மேல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதான். குடின்னு ஒருத்தன் சொல்லுதான். உங்க வாயால கேட்டுட்டா எங்களுக்குச் சமாதானம்."

பிரிசி சமையலறை வாசலில் நின்றாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். பதினோரு வருடம் நான் சொன்ன பொய்யில் ஒன்றை இன்று அவர் சொன்னால் என்ன?

"குடிச்சேன் மச்சான்" என்றார் அத்தான். "வீட்டுக்குள்ளதான். பதினோரு வருஷம். நிப்பாட்டி இன்னைக்கு நூத்தி நாப்பத்தோரு நாள் ஆகுது."

நான் காலண்டரில் நூறோடு எண்ணுவதை நிறுத்தியிருந்தேன். அவர் அங்கே அந்த அறையில், மழையில், ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார். டம்ளரை முகர்ந்த கையை மடியில் ஒளித்துக்கொண்டேன்.

சம்பந்தி அம்மாள்தான் கேட்டார். "அது சரிண்ணே. நிப்பாட்டுனபொறவு எதுக்கு வீட்டை விட்டுப் போனீய?"

மைனி என்னைப் பார்த்தார். பிரிசி என்னைப் பார்த்தாள். அவர் சொல்லப் போகிறார், சம்பந்தி வீட்டார் முன்னால் நான் நாறப் போகிறேன் என்று நினைத்தேன். சொன்னால் மறுக்க எனக்கு வழியில்லை.

"உப்பளத்துல வேலை" என்றார் அத்தான்.

"மழைக்கு என்னண்ணே வேலை?"

"வரப்பு உடைஞ்சு போச்சு. ஆள் பத்தல."

மைனி வாயைத் திறந்தார். "இல்ல, விஷயம் என்னன்னா, செப்டம்பர் மாசம் பியூலா..."

"அக்கா, கேசரி ஆறுது. எடுத்து வை."

அந்தக் குரலில் அவர் தன் அக்காவிடம் பேசி நான் கேட்டதே இல்லை. மைனி எழுந்து தட்டுகளை எடுத்தார்.

சம்பந்தி ஒரு தட்டுக் கேசரியை முழுக்கச் சாப்பிட்டு முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தவன் சொல்லிக் கேட்டிருந்தா மனசு கசந்திருக்கும் மச்சான். நீங்களே சொல்லிட்டீய. ஓலையை வாசிக்கச் சொல்லுங்க" என்றார்.

பிரிசி உள்ளே போய் மூக்கைச் சிந்துவது கேட்டது.

அவர்கள் போன பிறகு அத்தானும் கிளம்பினார். இருப்பார் என்று நினைத்து மீன் வாங்கச் சொல்லியிருந்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டேன்.

"நான் கவர்ல எழுதுனதை ஏன் சொல்லல?"

"அது உன் விஷயம்லா. நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றார். குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

அக்டோபர் 22, ஞாயிறு

விண்ணப்பத்தை ஐயாவிடம் கொடுத்தேன். மீன் குழம்பு மிஞ்சிவிட்டது.

அக்டோபர் 25, புதன்

கூட்டத்துக்குப் போனேன். ஜெபக் குறிப்பு நேரம் வந்ததும் மைனி நோட்டைத் திறந்தார். "தம்பி ஆசீர் இன்னும் குடும்பத்தோட வந்து சேரல..." என்று ஆரம்பிக்கும்போதே நான் எழுந்துவிட்டேன். முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

முப்பது வருடமாக வகுப்பில் பேசுகிற வாய், நாலு வாக்கியம் சொல்லத் திணறிவிட்டது. "அந்தப் பேரை அடிச்சிருங்க மைனி" என்றேன். "அவங்க குடியை நிப்பாட்டுனாங்க. அதை அவங்ககிட்டக் கேக்காம நான் ஊரறியச் சொன்னேன். ஆண்டவருக்காகச் சொல்லல, நான் பட்டதை நீங்க தெரிஞ்சுக்கணும்னு சொன்னேன். அவங்க போனதுக்கு நான்தான் காரணம். ஜெபிக்கணும்னா எனக்காக ஜெபிங்க."

உட்கார்ந்துவிட்டேன். ஒருத்தரும் கையை அமுக்கவில்லை. மைனி பேனாவைத் தேடிக்கொண்டே இருந்தார். விசாவுக்கு ஜெபிக்கச் சொன்ன அம்மாள்தான் கடைசியில் ஒரு பாட்டை எடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவுவதற்குள் போன் அடித்தது. அத்தான்.

"அக்கா போன் பண்ணுனா" என்றார்.

மைனி கூட்டத்திலிருந்து தெருமுனை வருவதற்குள் சொல்லியிருக்க வேண்டும். இந்த ஒரு தடவை அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

"எல்லாரு முன்னாலயுமா சொன்ன?"

"ஆமா."

"பயமா இருந்துச்சா?"

"ஆமா" என்றேன். உப்பளத்தில் காற்று அடிப்பது போனில் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கும்போது உடுத்த வேட்டி ஒண்ணு தேச்சு வை. சனிக்கிழமையே வந்துருதேன்."

பீரோவில் இருந்த ஏழு வேட்டியையும் எடுத்துத் தேய்த்து வைத்தேன்.